பிரோஷ்காவின் கீழ்வரிசை

எங்கள் ஓவார் ஊரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பல் டாக்டர் வாசலில்தான் விழ வேண்டும். கூப்பிடு தூரத்தில் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியா. அங்கே பல்லுக்குச் சொல்கிற விலையைக் கேட்டு மயக்கம் வந்த மச்சான்மார்கள் காலையில் காரைக் கிளப்பி இங்கே வந்து, வாயைத் திறந்து உட்கார்ந்து, சாயங்காலம் புதுப் பல்லோடு ஊர் திரும்புவார்கள். ஆஸ்திரியாக்காரர்களை நாங்கள் மச்சான் என்றுதான் சொல்வது. ஒரே ராஜாவுக்குக் கீழே குடித்தனம் நடத்திய பழைய உறவு. அதில் பாசம் பாதி, கடுப்பு பாதி. கிளினிக் பலகை, உள்ளே மாட்டியிருக்கும் விளம்பரம், நர்ஸ் சொல்லும் வணக்கம் வரை எல்லாமே ஜெர்மன் மொழியில்தான். எங்கள் ஆட்கள் அந்தப் பலகைகளை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நம்மை அழைக்காத கல்யாணத்தில் என்ன சமையல் என்று நமக்கென்ன?

பிரோஷ்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் செய்த தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

ஊரில் பிரோஷ்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. வெந்நீர் ஊற்றுக் குளியலகத்தில் காபிக் கவுண்டர் அவளுடையது. கபுவார் பக்கத்துக் கிராமத்திலிருந்து சின்ன வயதில் பின்னலாடைத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவள். பஸ் டிரைவர் ஒருவரைக் கட்டி, அவரைப் புதைத்து, தொழிற்சாலையும் மூடிய பிறகு காபி ஊற்ற வந்தாள். அறுபதைத் தாண்டியும் வெள்ளிக்கிழமை தவறாமல் முடி திருத்தும் கடைக்குப் போவாள். உதட்டுச் சாயம் இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வரமாட்டாள். ஈரத் துண்டோடு வரும் கிழவர்கள் அவள் கவுண்டர் முன்னால் வந்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம். அந்த வயிறுகளைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

அவளுக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. ஈறு கெட்டு ஒவ்வொன்றாக ஆடி, ஐம்பது வயதுக்குள் எல்லாம் போய்விட்டது. தெரிந்தவர் இருவர். ஒருவர் புருஷன், இன்னொருவர் பல்லைப் பிடுங்கிய பழைய அரசாங்க டாக்டர். இருவரும் இப்போது ஒரே கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். அப்புறம் கிராமத்தில் இருக்கும் அக்கா வில்மா. ஆனால் பிரோஷ்கா கணக்கில் வில்மா ஊரைச் சேர்ந்தவள் இல்லை.

பல்செட் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும் இந்த வேதனை. மேல்செட் அண்ணத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழ்செட்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பல் போன தாடையெலும்பு வருஷத்துக்கு வருஷம் தேயும். தேயத் தேயச் செட்டுக்கு உட்கார இடம் இருக்காது. நாக்கு அசைந்தால் அதுவும் அசையும். பிரோஷ்கா பசை போட்டு ஒட்டுவாள். மத்தியானத்துக்குள் பசை கரைந்துவிடும். ஆப்பிள், வாதுமைக் கொட்டை, மொறுமொறு கொழுப்பு வறுவல் எதையும் தொடமாட்டாள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பாள். ஒரு கிறிஸ்துமஸ் பூசையில் பாடகர் குழுவோடு நீளமாக ஒரு சுரத்தைப் பிடிக்கும்போது கீழ்செட் எழும்பி வெளியே வரப் பார்த்தது. பாட்டுப் புத்தகத்தால் வாயைப் பொத்திக் குனிந்துகொண்டாள். பக்தியில் அழுகிறாள் என்று நினைத்து மொத்தக் கோயிலும் உருகியது. அன்று வீட்டுக்கு வந்து அவள் நிஜமாகவே அழுதாள்.

பல் டாக்டர் கெனெஷெய் முதுகு வலிக்காக வாரா வாரம் குளியலகத்துக்கு வருவார். குளித்துவிட்டு அவள் கையால் ஒரு காபி. பல் டாக்டர் மற்றவர்களைப் போல முகத்தைப் பார்ப்பதில்லை போலிருக்கிறது. ஒருநாள் அக்கம் பக்கம் ஆளில்லாத நேரம் பார்த்து, சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே கேட்டார்:

"கீழ்செட் ஆடுதாம்மா?"

பிரோஷ்காவின் கையிலிருந்த கோப்பை தட்டில் மோதியது.

"என்ன சொல்றீங்க டாக்டர், எனக்கு எல்லாம் சொந்தப் பல்லு."

"சரிம்மா. சொந்தப் பல்லுதான். ஆனா சொந்தப் பல்லை நாக்கால அமுக்கிப் புடிச்சுக்கிட்டு யாரும் பேசமாட்டாங்க."

அவர் கெட்ட மனிதர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். எலும்பு இவ்வளவு தேய்ந்த பிறகு வழக்கமான தடித்த இம்ப்ளாண்டுக்கு இடம் இருக்காது. ஆனால் தீக்குச்சி கனத்தில் சின்னத் திருகு வகை ஒன்று இருக்கிறது. கீழ்த்தாடையின் முன்பக்கத்தில் நாலு திருகு இறக்கினால் போதும். ஈறைக் கிழிக்கக்கூட வேண்டியதில்லை. இருக்கிற செட்டையே அதன்மேல் மாட்டிக்கொள்ளலாம். ஒரு காலைப் பொழுது வேலை.

"அதெல்லாம் மச்சான்மாருக்குத்தான் கட்டுப்படியாகும் டாக்டர்."

"உங்களுக்குச் சும்மாவே செய்யறேன். எனக்கு ரெண்டு போட்டோ மட்டும் வேணும். மாட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு, மாட்டினப்புறம் ஒண்ணு. மூக்குக்குக் கீழதான் எடுப்போம். பேரு கிடையாது. ஜெர்மன் விளம்பரத்துக்கு, மச்சான்மாரு பாக்கறதுக்கு."

மச்சான்மாரு பார்க்கிறதுக்கு. பிரோஷ்கா ஒரு வாரம் யோசித்தாள். வியன்னாவில் எவனோ ஒருவன் தன் பொக்கை வாயைப் பார்த்தால் என்ன, பார்க்காவிட்டால் என்ன? அவன் தன் கவுண்டருக்கு வந்து காபி கேட்டாலும் அடையாளம் தெரியப்போவதில்லை. சரி என்றாள்.

கிளினிக்கில் இரண்டு செட்டையும் கழற்றி ஒரு கிண்ணத்தில் போடச் சொன்னார்கள். உதட்டுச் சாயத்தையும் துடைக்கச் சொன்னார்கள். அறை முழுக்க வெளிச்சம். புருஷன் முன்னால்கூட அவள் அப்படி நின்றதில்லை. வாய் உள்ளே போய், கன்னம் ஒட்டி, அப்பாவிடமிருந்து வந்த குழி விழுந்த முகவாய் மட்டும் முன்னே துருத்திக்கொண்டு நின்றது. "கொஞ்சம் சிரிங்கம்மா" என்றாள் கேமரா வைத்திருந்த பெண். பிரோஷ்கா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். கண் எப்படியும் படத்தில் வராது.

மற்றது சுலபமாக முடிந்தது. மரத்துப் போக ஊசி. பிறகு ஈறு வழியாகச் சின்னத் துளை. டாக்டர் விரலாலேயே முடுக்கி முடுக்கி ஒவ்வொரு திருகாக இறக்கினார். ஈறுக்கு மேலே நாலு குட்டிக் குண்டுமணித் தலைகள் நின்றன. கீழ்செட்டின் அடியைக் குடைந்து, அந்தத் தலைகளைக் கவ்விப் பிடிக்கிற ரப்பர் வளையங்களைப் பதித்தார்கள். வைத்து அழுத்தியதும் டக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். நாக்கால் தள்ளினாள், அசையவில்லை. கன்னத்தால் உறிஞ்சினாள், அசையவில்லை. "ராத்திரி கட்டைவிரல் நகத்தை ஓரத்துல குடுத்துத் தூக்குங்க, கழண்டுரும். கழுவிட்டு வையுங்க, மறக்காதீங்க" என்றார் டாக்டர். பிரோஷ்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது படம் அப்போது எடுத்ததுதான்.

ஈறு ஆறியதும் ஆற்றங்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு ஆப்பிளைக் கடித்தாள். கடித்த சத்தம் அவளுக்கே கேட்டது. சாறு முகவாயில் வழிந்தது, துடைக்கவில்லை. அந்த இலையுதிர் காலம் முழுக்க அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். பாடகர் குழுவில் வாயைத் திறந்து பாடினாள். குளியலகத்தில் மோட்டாரும் பாய்லரும் பார்க்கிற யெனோ, மனைவியை இழந்தவர், தினம் இரண்டு காபி குடித்தவர் நாலு குடிக்க ஆரம்பித்தார். "கைக்கு முத்தம் பிரோஷ்கா" என்று பழைய பாணியில் வணக்கம் சொல்வார். "இப்பெல்லாம் நீங்க சிரிச்சா பாய்லரே தேவையில்ல போங்க" என்பார். அவருக்கு வேறு உவமை தெரியாது. பிரோஷ்காவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் சாமான் வாங்க யெனோ தன் காரில் அவளைக் கூட்டிப்போனார். எல்லைச் சாலை ரவுண்டானாவுக்குப் பக்கத்தில் உள்ள பெரிய கடை. மச்சான்மார்கள் ஊருக்குள் நுழையும் வழி அதுதான். எங்கள் ஊர் முழுக்க மளிகை வாங்குவதும் அங்கேதான். வாகனம் நிறுத்துமிடத்துக்கு மேலே, வீட்டுச் சுவர் உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை புதிதாக நின்றது. இடது பக்கம் ஒரு பொக்கை வாய். சுருங்கிய உதடு, ஈறு தெரிய ஒரு சிரிப்பு, குழி விழுந்த முகவாய். வலது பக்கம் அதே முகவாய், முழுப் பல்லோடு. மேலே ஜெர்மன் மொழியில் ஏதோ எழுதியிருந்தது. ஜெர்மன் தெரியாதவனுக்கும் பொக்கை வாய் புரியும் என்பது பிரோஷ்காவுக்கு அப்போதுதான் உறைத்தது.

யெனோ காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"யாருப்பா இந்தக் கிழவி? புள்ளைங்க சோறு திங்கலன்னா இதைக் காட்டிப் பயமுறுத்தலாம் போல." சிரித்தார். அப்புறம் திரும்பி அவளைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார். "ஆமா, இந்த முகவாய்... உங்க சாடையா இருக்கே பிரோஷ்கா?"

அவளுக்கு உடம்பில் இருந்த ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியது. அந்த ஒரு நொடியில் அவள் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றிருக்கலாம். ஊரில் முகவாய்க்கா பஞ்சம் என்று சிரித்திருக்கலாம்.

"எங்க அக்கா" என்றாள். "வில்மா. கிராமத்துல இருக்கா. நான்தான் டாக்டர்கிட்ட சொல்லி ஏற்பாடு பண்ணேன். பாவம், அவ எதையும் பாத்துக்கமாட்டா."

"அட, உங்க அக்காவா! மன்னிச்சுக்குங்க, நான் வேற ஏதேதோ உளறிட்டேன்" என்று யெனோ வெட்கப்பட்டார். அக்காவுக்குப் பல் கட்ட வைத்த நல்ல மனசைப் பற்றிக் கடை முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. யெனோ குளியலகத்தில் சொன்னார். பக்கத்து வீட்டு மாக்டியின் காதுக்குப் போனது. மாக்டி தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்றவள். பை மட்டும்தான் போயிருந்தது, பட்டுவாடா நிற்கவில்லை. புது வருஷத்துக்குள் ஊரில் பாதிப் பேர் அந்தப் பலகையைக் காட்டி "நம்ம பிரோஷ்காவோட அக்கா" என்றார்கள். பிரோஷ்கா கிளினிக்குக்குப் போய்ப் படத்தை எடுத்துவிடும்படி கெஞ்சினாள். வசந்தம் வரை இடத்துக்கு ஒப்பந்தம் போட்டாயிற்று என்றார்கள். டாக்டர் ஆச்சரியமாகப் பார்த்தார். "எவ்வளவு அழகா இருக்கீங்கம்மா அதுல. எதுக்கு வெக்கப்படறீங்க?" வலது பக்கத்துப் படத்தைத்தான் அவர் சொன்னார். இடது பக்கத்துப் படத்தில் தப்பாக ஏதும் இருப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை.

இப்போது வில்மா ஓவாருக்குள் கால் வைக்காமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் பிரோஷ்காவின் கவலை. வில்மாவுக்குப் பல் கிடையாது. பல வருஷமாகக் கிடையாது. அரசாங்கச் செலவில் கட்டிக் கொடுத்த பல்செட்டை ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு, வாத்துக் கொழுப்பு ஊற்றுகிற சீசா ஒன்றில் போட்டு மூடியவள். பொக்கை வாயைத் திறந்து கடகடவென்று சிரிப்பாள். தலையில் முக்காடு, காலில் ரப்பர் பூட்ஸ். பிரோஷ்கா தன் புருஷன் சாவுக்கு வந்தவளையே கூட்டத்துக்கு முன்னால் நிறுத்தாமல், பாத்திரம் பார்த்துக்கொள்ளச் சொல்லி அடுப்படியில் வைத்திருந்தாள். அப்போதே அவளுக்கு மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தலோடு வாழப் பழகிக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை.

சிக்கல் என்னவென்றால், ஜனவரி நடுவில் பிரோஷ்காவின் பெயர்நாள் வருகிறது. எங்களில் பெயர்நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பெயர் போட்டிருக்கும், அந்தப் பெயர் உள்ளவர்களுக்கு அன்று பிறந்தநாள் மாதிரி. வேண்டியவர்கள் தாங்களே வந்துவிடுவார்கள். வருகிறவர்களுக்கு மேஜை தயாராக இருக்க வேண்டும். அழைக்காதபோது வராதே என்று எப்படிச் சொல்வது? வில்மா ஒவ்வொரு வருஷமும் பஸ் ஏறி வந்துவிடுவாள், மற்றவர்கள் வருமுன் பிரோஷ்கா அவளை அடுப்படிக்குள் அனுப்பிவிடுவாள். பிரோஷ்கா முந்தின நாள் போன் போட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"எனக்குக் கடுமையான காய்ச்சல்க்கா. ஒட்டிக்கும். இந்த வருஷம் வராத."

"அடிப்பாவி, தனியா கெடக்கிறியா?" என்றாள் வில்மா.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். ஒரு கையில் உரித்த நாட்டுக்கோழி, இன்னொரு கையில் சூப்புக்குக் கேரட்டும் வேர்க்கிழங்கும். மேஜையில் விரிப்பு போட்டு, பன்றிக்கால் ஜெல்லியும் கொழுப்பு வறுவல் போட்ட ரொட்டியும் ஊறுகாயும் வரிசையாக வைத்து, சாயம் பூசிய உதட்டோடு நின்ற தங்கையைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"காய்ச்சல்னியேடி?"

"எறங்கிடுச்சுக்கா."

வில்மா பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லவேளை. நான் ராத்திரியெல்லாம் தூங்கல." அவள் கை பனியில் ஜில்லென்றிருந்தது. பிரோஷ்கா அப்போதே சொல்லியிருப்பாள். அக்காவை உள் அறைக்கு இழுத்துப் போய்ச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மாக்டி மணி அடிக்காமல் உள்ளே வந்துவிட்டாள். பின்னாலேயே ஒரு பாட்டில் மதுவும் கொட்டைத் தட்டுமாக யெனோ.

"ஆத்தாடி! வில்மாதானே? நீங்க வில்மாதானே?" மாக்டி இரண்டு கையையும் விரித்தாள். "உங்களப் பத்தித்தான் ஊரே பேசுது!"

வில்மாவின் முகம் மலர்ந்ததைப் பிரோஷ்கா பார்த்தாள். அந்த வீட்டுக்குள் அவள் பெயரை ஒருவர் இப்படிச் சொல்லி வரவேற்றது அதுதான் முதல் தடவை. வில்மா தங்கையைத் திரும்பிப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

மாக்டியின் கை அப்படியே நின்றது. "பல்லு எங்க?"

"எந்தப் பல்லு?"

யெனோ பாட்டிலை மேஜையில் வைத்தார். பிரோஷ்காவின் குரல் அவளை மீறி எங்கிருந்தோ வந்தது.

"அதான்க்கா... கிளினிக்ல வெச்சாங்களே. நாலு திருகு போட்டு. போட்டோகூட எடுத்தாங்களே, பெரிய போர்டுல போட்டிருக்காங்களே..."

வில்மா தங்கையின் வாயைப் பார்த்தாள். நாக்கு தடுக்காமல் வந்த பேச்சைக் கேட்டாள். கீழுதடு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தாள். வில்மா படிக்காதவள், ஆனால் மந்தம் இல்லை. பிறகு குனிந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"ஓ, அந்தப் பல்லா" என்றாள் குனிந்தபடியே. "அது வீட்ல கெடக்கு. குத்துது."

"வீட்லயா?" என்றாள் மாக்டி. "அது எலும்புல முளை அடிச்சு மாட்டுறதாச்சே! முளையாவது இருக்கா, காட்டுங்க!"

"முளையையும் புடுங்கச் சொல்லிட்டேன். உறுத்துச்சு."

மாக்டி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த அநியாயத்தைக் கேட்டீங்களா யெனோ! தங்கச்சி அலைஞ்சு திரிஞ்சு, டாக்டர் காலைப் புடிச்சு, காசு வாங்காம கட்ட வெச்சா, இந்தம்மா புடுங்கி எறிஞ்சிருக்கு! மச்சான்மாரு எல்லை தாண்டி வந்து வரிசைல நிக்கிறாங்க அதுக்கு!"

"பல்லு இப்ப யாரு போட்டிருக்கா, உங்க வீட்டு வாத்தா?" என்றார் யெனோ.

"ஆமா, கெழட்டு வாத்து ஒண்ணு. மக்காச்சோளத்தை நல்லா மெல்லுது" என்றாள் வில்மா. எல்லோரும் சிரித்தார்கள். வில்மாவும் சிரித்தாள், ஆனால் இந்த முறை கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு. வாயைப் பொத்திச் சிரிக்கும் வில்மாவைப் பிரோஷ்கா அதற்கு முன் பார்த்ததே இல்லை.

பாடகர் குழுப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் மாக்டி கதையை முதலிலிருந்து சொன்னாள். ஒவ்வொருவரும் வில்மாவை ஒருமுறை பார்த்து உச்சுக் கொட்டினார்கள். வில்மா மேஜை ஓரத்தில் உட்கார்ந்து ரொட்டியைக் காபியில் பிய்த்துப் போட்டு ஊறவைத்துச் சாப்பிட்டாள். யெனோ கொட்டைத் தட்டைப் பிரோஷ்கா பக்கம் நகர்த்தினார். அவள் எடுத்து மென்றாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"ஒரே வயித்துப் புள்ளைங்க. பாருங்க" என்றார் யெனோ, மது தந்த தைரியத்தில். "ஒருத்தர் பல்லை முத்து முத்தா காப்பாத்தி வெச்சிருக்காங்க. இன்னொருத்தருக்குச் சும்மா குடுத்தாலும் வெச்சுக்கத் தெரியல."

"அவ சின்னதுலேர்ந்தே சுத்தம்" என்றாள் வில்மா.

கொட்டைத் துணுக்கு புரையேறி பிரோஷ்கா இருமினாள். வெட்கம் என்றால் முகம் சிவப்பது என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். அன்று முகம் சிவக்கவே இல்லை. எழுந்து நின்று, அக்கா பொய் சொல்கிறாள், பொய்க்காரி நான்தான் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஜெல்லி இன்னும் யாருக்காவது வேண்டுமா என்று கேட்டாள்.

பிற்பகல் பஸ்ஸுக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். பனியில் வில்மாவின் பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"அக்கா" என்றாள் பிரோஷ்கா. "நான் வேணும்னு..."

"வாயைத் தொற, பாக்கலாம்."

பிரோஷ்கா திறந்தாள். வில்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்ட வந்து பார்த்தாள். சந்தையில் குதிரைக்குப் பல் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் கீழ்வரிசையை அமுக்கி, பக்கவாட்டில் அசைத்தாள். அசையவில்லை.

"நல்லா உக்காந்திருக்குடி. வலிச்சுதா?"

"இல்ல."

"அப்ப சரி." கையை முக்காட்டு நுனியில் துடைத்தாள். "அந்தத் தபால்காரம்மா உள்ள வந்தா பாரு, வில்மாதானேன்னு கேட்டுக்கிட்டு. நீதான் என்னைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்னு நெனச்சேன்."

"அக்கா..."

"சொல்லித்தான் இருக்க" என்றாள் வில்மா. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பிரோஷ்காவுக்கு அழுகையாவது வந்திருக்கும். பஸ் வந்தது. வில்மா ஏறி, கோழியை இன்று ராத்திரியே வேகவைத்துவிடு, கெட்டுப்போகும் என்று படியிலிருந்து சத்தம் போட்டாள்.

அந்த வாரம் பிரோஷ்கா சரியாகச் சாப்பிடவில்லை. கழற்றிய செட்டைக் கண்ணாடி டம்ளரில் பார்க்கும்போதெல்லாம் அக்காவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள், பாட முடியவில்லை. யெனோவின் முகத்தை நினைத்தாள். அவர் விலகிப் போவார், போகட்டும். கவுண்டரில் கிழவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். திங்கட்கிழமை காலை குளியலகத்தில் மாக்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கவுண்டரில் சாய்ந்திருந்தாள், யெனோ முதல் காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். பிரோஷ்கா கைத்துணியைக் கீழே வைத்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். அந்தப் போர்டுல இருக்கறது எங்க அக்கா இல்ல. நான். பொக்கை வாயி என்னோடது. அவளுக்கு யாரும் பல்லும் கட்டல, ஒண்ணும் கட்டல. நான் சொன்ன பொய்யைக் காப்பாத்தத்தான் அவ அன்னிக்கு அத்தனை பேச்சையும் வாங்கிக்கிட்டா."

சொல்லிவிட்டாள். மாக்டி அவளையே பார்த்தாள். யெனோ கோப்பையை வைத்தார். மாக்டியின் கண்ணில் மெல்ல நீர் கோர்த்தது.

"யெனோ, கேட்டீங்களா?" என்றாள். "அக்காவை நாம கேலி பண்ணது இவளுக்குத் தாங்கல. அவ மானத்தைக் காப்பாத்த தன் வாயையே பொக்கை வாயிங்கறா."

"நான் நெசமாத்தான் சொல்றேன் மாக்டி!"

"சும்மாரு. நீ ஆப்பிள் கடிக்கிறத நான் பாக்கலையா? அன்னிக்குக் கொட்டை கடிச்சியே, அது பொய்ப்பல்லா?" மாக்டி மூக்கைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "நெசம்னா கழட்டு பாப்போம். இந்தா, இங்கயே, எங்க முன்னாடியே. கழட்டு!"

பிரோஷ்காவின் கட்டைவிரல் உதட்டுக்குப் போனது. நகம் செட்டின் ஓரத்தைத் தொட்டது. லேசாக மேலே தூக்கினால் போதும், டக் என்று கழன்று கையில் வந்துவிடும். பலகையில் இருந்த அந்த இடது பக்கத்து முகம் இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும். கிராமத்தில் அவளுடைய அக்கா மறுபடி வாயைத் திறந்து சிரிக்கலாம். யெனோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையில் அதுவரை இல்லாத ஒரு மரியாதையும், அதைவிட மேலான ஒன்றும் இருந்தது. யாரும் அவளை அப்படிப் பார்த்துப் பல வருஷமாகிவிட்டது.

நகம் ஓரத்திலேயே நின்றது. பிறகு அவள் அந்த விரலால் உதட்டோரத்துச் சாயத்தைச் சரிசெய்வதுபோல் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா!" என்றாள் மாக்டி. கவுண்டரைத் தாண்டிக் கையை நீட்டி அவள் கன்னத்தைத் தடவினாள். "உன்னை மாதிரி ஒரு தங்கச்சி கெடைக்க அந்த வில்மா குடுத்து வெச்சிருக்கணும்டி."

பிரோஷ்கா நன்றி சொன்னாள்.